யூதித்தின் வாளும் தாவீதின் கவணும்

மறுமலர்ச்சி என்னும் சொல்லை நாம் தாராளமாகவே கையாண்டு வருகின்றோம். 1946ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் தோன்றிய சஞ்சிகை ஒன்றுக்கு அதுவே பெயராயிற்று. உயர்தர வகுப்பில் இலக்கிய வரலாறு கற்பிக்கும் நானும் வாரத்துக்கு ஒரு தடவையாவது அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதுகின்றேன். ஆயினும் அச்சொல் முதலில் குறிக்கும் இத்தாலிய மறுமலர்ச்சியைப் பற்றி எம்மவரிடையே நிலவும் எண்ணம் யாது? மேதைகள் சிலரின் பெயர் வரிசை, அவ்வளவுதான். லியனார்டோ டா வின்சி, மைக்கலாஞ்சலோ, ரபாயேல் என்று மாணவர் ஒப்புவிப்பர். இருட்டறையில் யாரோ விளக்கேற்றியது போல இவர்கள் வந்து தோன்றினார்கள் என்பதே பாடநூல்கள் பல தரும் சித்திரம். அந்த ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் பணம் கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார், செய்து முடித்த பொருளை எங்கே வைத்தார் என்ற கேள்விகளை நாம் கேட்பதில்லை.

மூன்றாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டு இன்று சிறிது தூரம் செல்லலாம் என எண்ணுகின்றேன். வானொலிக்கு ஒரு வசதியீனம் உண்டு. படத்தைத் தூக்கிக் காட்ட இயலாது. எனவே சொல்லாலேயே நேயர்களின் கண்முன் கொண்டுவரத்தக்க இரண்டு சிலைகளை எடுத்துக்கொள்கின்றேன். இரண்டும் புளோரன்ஸ் நகரத்துக்குரியவை. இரண்டும் விவிலியக் கதைகளைக் கூறுபவை.

முதலாவது, டொனதெல்லோ வெண்கலத்தில் வார்த்த யூதித்து. தன் ஊரை முற்றுகையிட்ட படைத்தலைவன் ஒலோபெரினின் கூடாரத்துக்குள் ஒரு கைம்பெண் செல்கின்றாள். அவன் மதுமயக்கத்தில் கிடக்கையில் அவனுடைய வாளாலேயே அவன் தலையை அறுக்கின்றாள். சிலையில் அவளுடைய வலக்கை வாளை ஓங்கியிருக்கின்றது. இடக்கை அவன் தலைமயிரைப் பற்றியிருக்கின்றது. கழுத்தில் ஏற்கெனவே ஒரு வெட்டு விழுந்துவிட்டது. அடுத்தது விழப்போகின்றது. இரண்டாவது, மைக்கலாஞ்சலோ சலவைக்கல்லில் செதுக்கிய தாவீது. கோலியாத்து என்னும் இராட்சதனைக் கவண்கல்லால் வீழ்த்திய ஆட்டிடையன். தோளில் கவணுடன், ஆடையின்றி, எதிரியைக் கூர்ந்து நோக்கியபடி நிற்கின்றான். உயரம் ஏறத்தாழப் பதினேழு அடி. எளியவர் வலியவரை வீழ்த்துவதே இரு கதைகளுக்கும் கரு. ஆனால் அந்த எளியவர் யார், வலியவர் யார் என்பது சிலையை வைத்திருந்தவர் கையிலேயே இருந்தது.

புளோரன்ஸ் தன்னைக் குடியரசு என்று பெருமையுடன் கூறிக்கொண்ட நகரம். அங்கே மன்னன் இல்லை. ஒன்பது பேர் கொண்ட ஆட்சிக்குழு. பதவிக்காலம் இரண்டே மாதங்கள். தகுதியுடையோரின் பெயர்களைத் தோற்பைகளில் இட்டுக் குலுக்கி எடுப்பர். தகுதியுடையோர் யாவர்? நகரத்தின் 21 தொழிற்குழுக்களில் ஏதேனுமொன்றில் அங்கத்துவம் பெற்றவர்கள். நியாயவாதிகள், துணிவணிகர், கம்பளி உற்பத்தியாளர், வங்கியாளர் போன்றோருக்கு ஏழு பெருங்குழுக்கள். இறைச்சி விற்போர், கொல்லர், சப்பாத்துச் செய்வோர் போன்றோருக்குப் பதினான்கு சிறுகுழுக்கள். 1427ஆம் ஆண்டின் வரிக் கணக்கெடுப்பின்படி நகரின் சனத்தொகை ஏறத்தாழ 37,000. அவர்களுள் பதவிக்குத் தகுதி பெற்றோர் ஒரு சில ஆயிரம் ஆண்களே.

கம்பளியைக் கழுவியும் அடித்தும் சிக்கெடுத்தும் நாட்கூலி பெற்ற பெருந்தொகையான தொழிலாளருக்குக் குழு இல்லை. அதை அமைக்க உரிமையும் இல்லை. 1378இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 'சியோம்பி' கிளர்ச்சி என வரலாறு அதைக் கூறும். கம்பளி சிக்கெடுக்கும் மிக்கேலே டி லாண்டோ ஆட்சிக்குழுவின் தலைவரானார். தொழிலாளருக்கெனப் புதிய குழுக்களும் தோன்றின. ஆனால் அடிநிலைத் தொழிலாளரின் குழு சில வாரங்களுள் கலைக்கப்பட்டது. எஞ்சிய புதுக் குழுக்களும் 1382இல் ஒழிந்தன. புளோரன்சின் சுதந்திரம் பற்றிப் பேசும் நூல்கள் பல இவர்களை ஒரு பந்தியுடன் முடித்துவிடும். நேயர்கள் இவர்களைச் சற்று நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும், பின்னர் தேவைப்படுவர்.

கலைக்கான பணம் முதலில் இத்தொழிற்குழுக்களின் பெட்டியிலிருந்தே பெருமளவில் வந்தது. 1401இல் துணிவணிகரின் குழுவாகிய கலிமாலா, நகரின் ஞானஸ்நான மண்டபத்துக்கு வெண்கலக் கதவுகள் செய்விக்க ஒரு போட்டி நடத்தியது. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட முனையும் காட்சி பொருளாகத் தரப்பட்டது. கிபெர்ட்டி வென்றார், புருனெலெஸ்கி தோற்றார். அதே வேளையில் மிலானின் கோமகன் ஜியன்கலியாசோ விஸ்கொன்ட்டி அயல் நகரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தான். 1402 செப்டெம்பரில் அவன் காய்ச்சலால் இறந்தமையால் புளோரன்ஸ் தப்பிற்று. கத்தி கழுத்தில் படுமுன் காப்பாற்றப்பட்ட ஈசாக்கில் நகரத்தார் தம்மையே கண்டனர் என எழுதுவாருமுளர். அவ்வளவு தூரம் செல்ல நான் விரும்பவில்லை. அவன் இறப்பதற்கு முன்பே போட்டிக்குரிய காட்சி தீர்மானிக்கப்பட்டுவிட்டது. சமூகப் பின்னணி பேசுவோர் விழிப்பாக இருக்கவேண்டிய இடம் இது.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று ஓர்சன்மிக்கேலேயில் உண்டு. தானியச் சந்தையாக இருந்து வழிபாட்டிடமாக மாறிய கட்டடம் அது. அதன் வெளிச்சுவர் மாடங்களில் குழுக்கள் தத்தம் பாதுகாவலரான புனிதரின் சிலையை வைத்தன. துணிவணிகர் கிபெர்ட்டியைக் கொண்டு புனித யோவானை வெண்கலத்தில் வார்ப்பித்தனர். வங்கியாளருக்குப் பொறுக்கவில்லை. 1419இல் அதே கிபெர்ட்டியுடன் தாம் செய்த ஒப்பந்தத்தில், தமது புனித மத்தேயு அந்த யோவானின் பருமனுக்குக் குறையலாகாது என எழுதினர். வெண்கலச் சிலைக்குச் சலவைக்கல்லைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு செலவு. படைக்கலம் செய்வோருக்கு அது கட்டுப்படியாகாது. அவர்களுக்காக டொனதெல்லோ புனித ஜோர்ஜைச் சலவைக்கல்லில் செதுக்கினார். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவனுக்கு எந்தக் குழுவின் மடி கனமானது என்பது உடனே விளங்கியிருக்கும். ஓவியத்திலும் கணக்கு இத்தகையதே. 1485இல் கிர்லாந்தையோ ஒப்புக்கொண்ட ஒரு பீட ஓவியத்துக்கு, நீலநிறம் அவுன்ஸ் நான்கு புளோரின் பெறுமதியானதாக இருத்தல் வேண்டும் என்று ஒப்பந்தம் விதித்தது. ஆப்கானிஸ்தானத்து பதக்சான் மலைக்கல்லை அரைத்து எடுத்த நீலம் அது. அன்னை மரியாளின் மேலாடையில் நாம் காணும் அமைதிக்கு இவ்வாறு ஒரு விலைப்பட்டியலும் இருந்தது.

இனி மெடிச்சி குடும்பத்துக்கு வருவோம். 1397இல் ஜியோவன்னி தொடக்கிய வங்கி பாப்பரசரின் பணத்தைக் கையாண்டு வளர்ந்தது. மகன் கொசிமோ 1433இல் நாடுகடத்தப்பட்டு 1434இல் வெற்றியுடன் மீண்டார். அதன்பின் அறுபது ஆண்டுகள் புளோரன்ஸ் இக்குடும்பத்தின் கையில் இருந்தது. முடி சூடவில்லை, குடியரசு என்ற பெயரையும் நீக்கவில்லை. தோற்பைகள் இருந்தன; குலுக்கலும் நடந்தது. பைக்குள் எவருடைய பெயர்களை இடுவது என்று தீர்மானிக்கும் அலுவலர் மாத்திரம் கொசிமோவுக்கு வேண்டியவர்களாக இருந்தனர். சட்டப் புத்தகத்தைப் பெரிதாகத் திருத்தாமலே ஒரு குடியரசை விழுங்கும் இம்முறையை விளங்கிக்கொள்வோருக்கு அக்காலக் கலையும் பாதி விளங்கும்.

இன்னொரு நெருக்கடியும் வங்கியாளருக்கு இருந்தது. வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவமெனக் கண்டித்தது. நாணயமாற்று வேறுபாட்டினுள் வட்டியை மறைத்து வாங்கினர். கணக்கேட்டில் மறைக்கலாம், மரணப் படுக்கையில் என்ன செய்வது? கொசிமோ தன் மனக்குறையைப் பாப்பரசர் நான்காம் எவுஜீனியுசிடம் வெளியிட்டபோது, சான் மார்க்கோ மடாலயத்தைக் கட்டுவதற்குப் பத்தாயிரம் புளோரின் செலவிடுமாறு அவர் ஆலோசனை கூறியதாகப் புத்தக வணிகரான வெஸ்பசியானோ எழுதியுள்ளார். அம்மடாலயத்தின் சிற்றறைச் சுவர்களில் துறவி அஞ்செலிக்கோ தீட்டிய ஓவியங்களை இன்று உலகம் போற்றுகின்றது. கொசிமோவின் பேரன் லொரென்சோ ஒரு கணக்கை எழுதி வைத்துள்ளார். 1434 முதல் 1471 வரை கட்டடங்களுக்கும் தருமத்துக்கும் வரிக்குமாகக் குடும்பம் கொடுத்தது 663,755 புளோரின். அச்செலவு அரசுக்கு ஒளி சேர்த்தது என்பதே அவர் கருத்து.

இக்குடும்பத்து மாளிகைத் தோட்டத்திலேதான் 1460 அளவில் யூதித்து நின்றாள். உள்முற்றத்தில் டொனதெல்லோவின் இன்னொரு வெண்கலச் சிலை, கோலியாத்தின் தலைமேல் காலூன்றிய தாவீது. சிலைகளின் கீழ் வாசகங்களும் இருந்தன. ஆடம்பரத்தால் அரசுகள் அழியும், பணிவின் கை ஆணவத்தின் கழுத்தை அறுக்கும் என்று யூதித்தின் கீழே. சிறுவனொருவன் பெருங்கொடுங்கோலனை வென்றான், குடிமக்களே வெல்லுங்கள் என்று தாவீதின் கீழே. கொசிமோவின் மகன் பியெரோ, சுதந்திரத்துக்கும் குடிமக்களின் உறுதிக்கும் இச்சிலையை அர்ப்பணிப்பதாக யூதித்தின் கீழ் ஒரு வாசகத்தைச் சேர்த்தார். இத்தாலியின் பெருஞ்செல்வருள் ஒருவரது தோட்டத்தில், ஆடம்பரத்தைக் கண்டித்து, வெண்கலத்தில்!

இதை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிடலாம். எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. நகரத்தின் காவலர் தாமே என்று அக்குடும்பத்தார் உண்மையிலேயே நம்பியிருக்கலாம். நம்பினாரோ இல்லையோ, சிலை தன் அலுவலைச் செய்தது. சலுகை கேட்டு வந்த குடிமகனும் கடன் கேட்டு வந்த தூதுவனும் கொடுங்கோலரை வீழ்த்திய இருவரைக் கடந்தே உள்ளே சென்றனர். அச்சிலைகளைத் தன் வீட்டில் வைத்திருப்பவனையே கொடுங்கோலன் என்று எந்த வாயால் அழைப்பது?

அப்படி அழைத்தவர்களும் இருந்தனர். 1478 ஏப்ரில் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பேராலயத்தில் பூசை நடந்துகொண்டிருக்கையில் பாற்சி குடும்பத்தாரும் அவர்தம் கூட்டாளிகளும் லொரென்சோவையும் தம்பி ஜூலியானோவையும் தாக்கினர். தம்பி இறந்தார், லொரென்சோ காயத்துடன் தப்பினார். யாக்கொப்போ பாற்சி, மக்கள், சுதந்திரம் என்று கூவியபடி குதிரையில் தெருவெங்கும் சென்றார். மக்கள் சேரவில்லை, மெடிச்சியின் சின்னமாகிய உருண்டைகளின் பெயரையே பதிலுக்குக் கூவினர். சதிகாரர் அரண்மனை யன்னல்களில் தூக்கிலிடப்பட்டனர். தூக்கில் தொங்கும் அவர்களின் உருவங்களைப் பொதுச் சுவரில் தீட்டுவதற்கு ஓர் ஓவியருக்கு நாற்பது புளோரின் வழங்கப்பட்டது. அவர் பொட்டிசெல்லி, 'வீனசின் பிறப்பு' வரைந்த அதே கைதான்.

1494 நவம்பரில் பிரெஞ்சு மன்னனின் படை இத்தாலிக்குள் இறங்கியபோது லொரென்சோவின் மகன் பியெரோ நகரை விட்டு ஓடினார். தூக்கிலிடப்பட்டோரின் ஓவியங்கள் அழிக்கப்பட்டன. ஏறத்தாழ மூவாயிரம் பேர் பங்குகொள்ளத்தக்க பெருமன்றம் ஒன்று அமைந்தது. சவொனரோலா என்னும் துறவியின் பிரசங்கமே அக்காலத்தை ஆண்டது. 1495இல் மெடிச்சி தோட்டத்து யூதித்து ஆட்சி மாளிகையின் வாயிலுக்குக் கொண்டுவரப்பட்டாள். பொதுநலத்துக்கு எடுத்துக்காட்டாகக் குடிமக்கள் இதை நிறுவினர் என்ற வாசகமும் 1495 என்ற ஆண்டும் பீடத்தில் பொறிக்கப்பட்டன. சிலையில் ஒரு நகக்கீறலளவும் மாற்றமில்லை. அதே வாள், அதே கழுத்து. ஆனால் இப்பொழுது அந்த ஒலோபெரின் மெடிச்சி! மூன்றாண்டு கழிந்து, 1498 மே மாதத்தில், சவொனரோலாவே அச்சதுக்கத்தில் தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டபோதும் அவள் வாளோங்கியபடி அங்கேதான் நின்றாள்.

இனித் தாவீது. பேராலயத்தின் திருப்பணி 1331 முதல் கம்பளிக் குழுவின் பொறுப்பில் இருந்தது. 1460களில் ஒரு சிற்பி தொட்டுக் கைவிட்ட பெரிய சலவைக்கல் ஒன்று பேராலய முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. 1501 ஆகஸ்ட் 16ஆம் திகதி, இருபத்தாறு வயதான மைக்கலாஞ்சலோவுக்கு மாதம் ஆறு பொற்புளோரின் வீதம் இரண்டு ஆண்டுக்கு அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. நினைவில் இருத்தும்படி கேட்ட கூலியாட்கள் இங்கேதான் மீண்டும் வருகின்றார்கள். 1378இல் அவர்கள் எதிர்த்து நின்றது இக்கம்பளிக் குழுவின் எசமானர்களையே. குடியரசின் சுதந்திரச் சின்னமாக உலகம் அறிந்த இச்சிலைக்கு ஒப்பந்தம் செய்த குழு, கம்பளி சிக்கெடுத்தவனைத் தன் வாயிலுக்கு வெளியே நிறுத்திய குழு. ஆயிரமாயிரம் உரைகள் தாவீதின் கைநரம்பை வியந்திருக்கின்றன, வியக்கத்தக்கதுதான். ஆனால் சிக்கெடுத்தவனின் கையையும் யாரேனும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

சிலை முடிவடையும் தறுவாயில் அதை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி எழுந்தது. 1504 ஜனவரி 25ஆம் திகதி ஏறத்தாழ முப்பது பேர் கூடி ஆராய்ந்தனர். லியனார்டோ, பொட்டிசெல்லி, பெருஜினோ, பிலிப்பினோ லிப்பி, கட்டடக் கலைஞர் ஜூலியானோ ட சங்கல்லோ எல்லோரும் ஒரே கூட்டத்தில்! அவ்வுரையாடலின் பதிவு எஞ்சியுள்ளது. முதலிற் பேசியவர் கலைஞர் அல்லர், ஆட்சிக்குழுவின் கட்டியக்காரர். யூதித்து சாவுக்குரிய சின்னம், பெண் ஆணைக் கொல்வது நன்றன்று, கெட்ட நட்சத்திரத்தில் அதை நாட்டினோம், அன்று முதல் எல்லாம் கெட்டது, பீசா நகரையும் இழந்தோம் என்பது அவர் வாதம். சங்கல்லோவும் லியனார்டோவும் சலவைக்கல் மழையில் நைந்துவிடும், அருகிலுள்ள திறந்த மண்டபத்தின் கூரைக்கீழ் வைப்பதே தகும் என்றனர். அக்கருத்து கல்லைப் பற்றியது மாத்திரமா, ஆட்சி வாயிலிலிருந்து அச்சிலையைச் சற்று ஒதுக்கி வைக்கும் எண்ணமும் அதில் இருந்ததா என்று ஆய்வாளர் இன்றும் விவாதிக்கின்றனர். ஈற்றில் வாயிலே தெரிவாயிற்று. யூதித்தின் இடம் தாவீதுக்குப் போயிற்று. அவள் முதலில் மாளிகையின் உள்முற்றத்துக்கும் பின்னர் 1506இல் அத்திறந்த மண்டபத்துக்கும் தள்ளப்பட்டாள்.

மே 14ஆம் திகதி இரவு சிலை புறப்பட்டது. பட்டறை வாயிலின் மேற்சுவரை உடைத்தே அதை வெளியே எடுக்க முடிந்தது. ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் தூரத்துக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் நான்கு நாள் உழைத்தனர். இரவில் யாரோ சிலைமீது கல்லெறிந்தனர். காவல் போட வேண்டியதாயிற்று. லண்டூச்சி என்னும் மருந்துக் கடைக்காரரின் நாட்குறிப்பு இதை எமக்குச் சொல்கின்றது. கல்லெறிந்தோர் சிற்ப விமர்சகர்கள் அல்லர் என்பது தெளிவு. அச்சிலையின் அரசியல் அவர்களுக்கு எங்களைவிட நன்றாக விளங்கியிருந்தது.

பின்வந்த கதையை விரைவாகக் கூறிவிடுகின்றேன். 1512இல் மெடிச்சிகள் ஸ்பானியப் படையின் துணையுடன் திரும்பினர். குடியரசின் செயலாளராகப் பணியாற்றிய மக்கியவல்லி பதவியிழந்து, 1513இல் சித்திரவதைக்கும் உள்ளானார். 1527இல் அவர்கள் மீண்டும் துரத்தப்பட்டனர். அக்கலவரத்தில் மாளிகை யன்னலிலிருந்து எறியப்பட்ட வாங்கு ஒன்று விழுந்து தாவீதின் இடக்கை மூன்று துண்டாயிற்று. சிறுவராயிருந்த வசாரியும் நண்பர் சல்வியாத்தியும் அத்துண்டுகளைப் பொறுக்கிப் பாதுகாத்தனர். இளமையில் லொரென்சோவின் வீட்டில் உண்டு வளர்ந்த மைக்கலாஞ்சலோ, 1529இல் மெடிச்சிகளுக்கு எதிராக நகரின் அரண்களைக் கட்டும் பொறுப்பை ஏற்றார். அவர்களுடைய கல்லறைச் சிற்பங்களும் அதே காலத்தில் அவர் கையிலேயே இருந்தன. 1530இல் நகரம் சரணடைந்தது. அவர் ஒளிந்திருந்து, மன்னிப்புப் பெற்று, கல்லறை வேலையைத் தொடர்ந்தார். 1534இல் உரோமுக்குச் சென்றவர் உயிருடன் புளோரன்சுக்குத் திரும்பவில்லை.

1537இல் பதினேழு வயதில் ஆட்சிக்கு வந்த முதலாம் கொசிமோ, இம்முறை ஒளிவுமறைவின்றிக் கோமகன். 1540இல் அவர் குடியரசின் ஆட்சி மாளிகைக்குள்ளேயே குடிபுகுந்தார். வாயிலில் தாவீது, அருகே மண்டபத்தில் யூதித்து. இரண்டும் தன் குடும்பத்தைத் துரத்தியோர் நாட்டிய சிலைகள். உடைத்தெறிந்தாரா? இல்லை. 1543இல் தாவீதின் முறிந்த கையை ஒட்டுவித்தார்! கொடுங்கோலனை எதிர்க்கும் கையைக் கோமகன் செப்பனிட்டார். அக்கை இனி எவரையும் அச்சுறுத்தவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

யூதித்தையும் அவர் தொடவில்லை. 1545இல் செல்லினி என்னும் சிற்பியை அழைத்து, அதே மண்டபத்துக்கென ஒரு வெண்கலச் சிலையை வார்க்கச் சொன்னார். 1554இல் அது திறந்துவைக்கப்பட்டது. கிரேக்கப் புராணத்து வீரன் பெர்சியுஸ், வாளால் மெடூசாவின் தலையைக் கொய்து தூக்கிப் பிடித்து நிற்கின்றான். கழுத்திலிருந்து வெண்கலக் குருதி வழிகின்றது. ஆணின் கழுத்தை அறுக்கும் பெண் நின்ற மண்டபத்தில், பெண்ணின் தலையைக் கொய்த ஆண். கட்டியக்காரர் 1504இல் முணுமுணுத்ததற்குக் கோமகன் ஐம்பது ஆண்டு கழித்து வெண்கலத்தில் விடை கூறினார் எனலாம். 1580களில் பெண்ணொருத்தியைத் தூக்கிச் செல்லும் உரோமானியனின் சிலைக்கு இடம் விட்டு, யூதித்து அம்மண்டபத்தின் இன்னொரு வளைவுக்கு நகர்த்தப்பட்டாள்.

தாவீது 1873இல் அக்கடெமியா என்னும் கலைக்கூடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1910 முதல் வாயிலில் நிற்பது அதன் பிரதி. வெளியே நிற்கும் யூதித்தும் பிரதியே. டொனதெல்லோ வார்த்த சிலை மாளிகைக்குள் இருக்கின்றது. குடியரசு ஒழிந்து, கோமகன்மாரும் ஒழிந்து, சதுக்கம் உல்லாசப் பயணிகளுடையதாகிவிட்டது. பீடத்தில் 1495ஆம் ஆண்டில் வெட்டிய வாசகத்தை எந்தக் கோமகனும் செதுக்கி அழிக்கவில்லை. குடிமக்கள் நிறுவினர் என்ற அந்த இலத்தீன் எழுத்துகளை இன்றும் வாசிக்கலாம்.